அப்பாவின் மஞ்சப்பையில் 11 அட்டை: இதில் எது தேவை, எது வேண்டாம்?

நொய்யல்கரை

வணக்கங்க. அப்பாவுக்கு 74 வயசு. சர்க்கரை வந்து 14 வருஷம் ஆச்சு. சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஆறேழு மாசமா "கால் ரெண்டும் எரியுது, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டே இருக்கார். போன வாரம் கோயிலுக்குப் போய்ட்டு வந்தப்போ ஒரு கால்ல செருப்பு இல்லை. எங்க கழன்றுச்சுன்னே அவருக்குத் தெரியலை. வெறுங்காலோட அரை கிலோமீட்டர் நடந்து வந்திருக்கார். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலைங்க.

அவரோட மாத்திரையெல்லாம் ஒரு மஞ்சப்பையில இருக்கும். அதைக் கூடத்துல கொட்டிப் பார்த்தேன். டாக்டர் எழுதினது நாலு: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலை, ராத்திரி ரெண்டு வேளை, பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ராலும் ஆஸ்பிரினும் சேர்ந்த கேப்சூல், காலையில வெறும் வயித்துல போடற கேஸ் மாத்திரை பேன்டோபிரசோல். மீதி ஏழும் அங்கங்க சொன்னாங்கன்னு வாங்கினது. கால்சியம், வாரம் ஒண்ணு பால்ல கலக்கற விட்டமின் டி பொட்டலம், மூட்டுக்கு குளுக்கோசமைன், மறதிக்கு ஜிங்கோ, மீன் எண்ணெய் கேப்சூல் (சைவம்னு சொல்றவர் இதை மருந்துன்னு விழுங்கறார்), தெருமுனை மெடிக்கல்ல கொடுத்த நரம்பு மாத்திரை, அப்புறம் துபாய்ல இருந்து அண்ணன் அனுப்பின 50 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கான மல்டிவைட்டமின். இந்த டப்பா மட்டும் இன்னும் சீல் பிரிக்காம இருக்கு.

இதுல எதைத் தொடரணும், எதை நிறுத்தணும்? கால் எரிச்சலுக்கு இன்னும் நல்ல சத்து மாத்திரை ஏதாவது இருக்கா?

பொன்னி

மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா? கேஸ் மாத்திரை எத்தனை வருஷமா? ரத்தத்துல விட்டமின் பி12 அளவு எப்பவாவது பார்த்தீங்களா?

நொய்யல்கரை

மெட்ஃபார்மின் ஆரம்பத்துல இருந்தே. கேஸ் மாத்திரை அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கும். பி12 பார்த்ததே இல்லைங்க.

பழைய மருந்தாளுநர்

அம்மா, நான் அரசு மருத்துவமனை மருந்தகத்துல 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. அதனால "இதை நிறுத்து, அதைக் கொடு"ன்னு சொல்லமாட்டேன். எங்க பார்க்கணும்னு மட்டும் சொல்றேன்.

உங்க அப்பா விஷயத்துல, நரம்புக்கு வேண்டிய பி12 குறையறதுக்கு நாலு வழி ஒண்ணா திறந்திருக்கு. முதல் வழி சாப்பாடு. பி12 செடிகொடியில கிடையாது. சைவக்காரருக்குப் பால், தயிர், மோர்தான் கதி. 100 மில்லி பசும்பாலில் அரை மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவா இருக்கும். நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐசிஎம்ஆர் 2020-ல் பெரியவங்களுக்குச் சொன்ன அளவு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம். அரை லிட்டர் பால் குடிக்கிற பெரியவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ரெண்டாவது, வயசு. வயசானா இரைப்பையில அமிலம் சுரக்கறது பலருக்குக் குறையும். சாப்பாட்டுல புரதத்தோட ஒட்டிட்டிருக்கிற பி12-ஐப் பிரிச்சு எடுக்க அந்த அமிலம் வேணும். மூணாவது, மிச்சம் மீதி அமிலத்தையும் பேன்டோபிரசோல் அடக்கிடுது. நாலாவது, மெட்ஃபார்மின். இது சிறுகுடலின் கடைசிப் பகுதியில பி12 உள்ளே போறதைத் தடுக்கும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இதை மெட்ஃபார்மினின் சாதாரணமா வரக்கூடிய பக்கவிளைவுன்னே அறிவிச்சுது. அளவு கூடக்கூட, வருஷம் கூடக்கூட வாய்ப்பும் கூடும். மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அதை நிறுத்தச் சொல்லலை. அதைப் போடறவங்களுக்கு அப்பப்போ பி12 பார்க்கணும், அவ்வளவுதான்.

பி12 ஈரல்ல வருஷக்கணக்கில் சேமிப்பா இருக்கும். அதனால குறைவு மெல்ல மெல்லத்தான் தெரியும். சர்க்கரையால வர்ற கால் எரிச்சலும் இதுவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். "சுகர் இருக்குல்ல, அப்படித்தான்"னு விட்டுடறோம். எனக்கு மனசு வலிக்கிறது இங்கதான். சர்க்கரையால கெட்ட நரம்பை மீட்கறது கஷ்டம். பி12 குறைவால கெட்டதைச் சீக்கிரம் பிடிச்சா மீட்கலாம்.

நரம்பு கெட்டிருக்கான்னு தெரிய இன்னொண்ணு கேக்கறேன். அவர் முகம் கழுவும்போது, கண்ணை மூடினதும் தள்ளாடறாரா? கவனிச்சுச் சொல்லும்மா. அப்புறம் அந்த நரம்பு மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்னாடி சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு அப்படியே எழுது.

சித்திரைப்பூ

எல்லாரும் மாத்திரையையே பேசறீங்க. நம்ம தாத்தா பாட்டி எந்த மாத்திரை சாப்பிட்டாங்க? பழைய சோறு, முருங்கைக்கீரை, கேப்பைக்களி. பழைய சோத்துல பி12 இருக்குன்னு வாட்ஸ்அப்லகூட வந்துச்சு.

அகத்தி (உணவியல்)

சித்திரைப்பூ, கேப்பையும் முருங்கைக்கீரையும் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே அளவு பாலில் 120-தான். பற்கள் சரியாக இருக்கிற, நன்றாகச் சாப்பிடுகிற பெரியவருக்குக் கால்சியம் மாத்திரையின் தேவையைக் கூழும் கீரையும் மோரும் வெகுவாகக் குறைத்துவிடும்.

ஆனால் பழைய சோற்றை நம்பி பி12 குறைவை விடக்கூடாது. அது வயிற்றுக்கு நல்லது, உடலுக்குக் குளிர்ச்சி, நானும் சாப்பிடுகிறேன். பி12-ஐச் சில நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. சோறு புளித்தாலே அது வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஸ்பைருலினா என்ற சுருள்பாசியில் இருப்பதாகச் சொல்வதும் பெரும்பாலும் நம் உடலுக்கு உதவாத போலி வடிவம். தாத்தா பாட்டி மாத்திரை சாப்பிடவில்லை, உண்மை. அவர்கள் 14 வருஷம் மெட்ஃபார்மினும் சாப்பிடவில்லை. வயதான பலர் "நடை தளர்ந்துபோச்சு, புத்தி தடுமாறுது" என்ற நிலையில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு என்ன காரணம் என்று அன்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

நொய்யல்கரை

பழைய மருந்தாளுநர் ஐயா, இன்னிக்குக் காலையில கவனிச்சேன். வாஷ்பேசின்ல சோப்பு போட்டுக் கண்ணை மூடினதும் பக்கத்துச் சுவத்தைப் பிடிச்சுக்கறார். இத்தனை நாளா சுவத்துல அந்த இடத்துல கைபட்டுக் கறையே இருக்கு. நான் தினமும் துடைச்சிருக்கேன், ஏன்னு யோசிக்கலை.

நரம்பு மாத்திரை அட்டையில இருக்கறது: பிரிகாபலின் 75 மி.கி., நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. வேற எதுவும் இல்லை.

பழைய மருந்தாளுநர்

பயந்தபடியே ஆச்சு. அதுல விட்டமினே இல்லைம்மா. நரம்பு மாத்திரைன்னு சொன்னதும் நாம சத்துன்னு நினைச்சுக்கறோம். பிரிகாபலின் நரம்பு வலியை அமுக்கற மருந்து. நார்ட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்து வகை, வலிக்கும் கொடுப்பாங்க. தேவைப்பட்டா டாக்டரே எழுதுவார். ஆனா சீட்டு இல்லாம இதை விக்கவே கூடாது. வயசானவங்களுக்குப் பகல் தூக்கம், தலைசுத்தல், மலச்சிக்கல், நீர் பிரியறதுல கஷ்டம், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழறது, எல்லாம் இதனால வரும். ஏற்கெனவே தள்ளாடற மனுஷன். இதைத் திடீர்னு நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்றபடி குறைச்சுத்தான் நிறுத்தணும்.

நாளைக்கே மஞ்சப்பையோட டாக்டரிடம் போங்க. சீட்டு மட்டும் வேண்டாம், பையையே எடுத்துட்டுப் போங்க. பி12, ரத்தத்துல சிவப்பணுவோட பருமன், கால்சியம், விட்டமின் டி, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் பார்க்கலாமான்னு கேளுங்க. அண்ணன் அனுப்பின டப்பாவை ரத்தம் எடுக்கற வரைக்கும் பிரிக்காதீங்க. அதைச் சாப்பிட்டா ரத்தத்துல பி12 அளவு ஏறிடும், உண்மை மறைஞ்சுபோகும்.

வைகைவாசி

விட்டமின் டி பொட்டலம்னு பார்த்ததும் எழுதாம இருக்க முடியலை. எங்க மாமியாருக்கு 71. இடுப்பு வலிக்குப் போனப்ப 60,000 யூனிட் பொட்டலம், வாரம் ஒண்ணு, எட்டு வாரம்னு எழுதிக் கொடுத்தாங்க. சீட்டுல இருந்ததை மெடிக்கல்ல தப்பாப் படிச்சு, கவர் மேல "தினம் 1"னு எழுதிட்டாங்க. அத்தை சொன்ன சொல் தட்டாதவங்க. தினமும் ராத்திரி பால்ல கலந்து குடிச்சாங்க. மூணு மாசம்.

முதல்ல மலச்சிக்கல். அப்புறம் ஓயாத தாகம், வாந்தி. நாங்க வயிறு சரியில்லைன்னு ஓமத்தண்ணி கொடுத்துட்டிருந்தோம். ஒருநாள் காலையில என்னைப் பார்த்து "நீ யாரு?"ன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரியில கால்சியம் 13.2. சாதாரணமா 8.5-ல இருந்து 10.5-க்குள்ள இருக்கணும். சிறுநீரகமும் அடிவாங்கியிருந்துச்சு. பத்து நாள் டிரிப் ஏத்தினாங்க. விட்டமின் டி கொழுப்புல தங்கிடும், சட்டுனு வெளியேறாதுன்னு டாக்டர் விளக்கினார். மூணு நாலு மாசம் அடிக்கடி ரத்தம் எடுத்துட்டே இருந்தோம்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 70 வயசு தாண்டினவங்களுக்கு நாளைக்கு 800 யூனிட் போதும். அப்படின்னா ஒரு பொட்டலம் 75 நாள் அளவு. எங்க அத்தை ஒரே நாள்ல ரெண்டரை மாசத்தைக் குடிச்சாங்க, தொண்ணூறு நாள்.

டொரொன்டோ யாழ்

எங்கட பக்கம் வேற கதை. இங்க குளிர்காலத்தில வெயில் தோலில படுறதே இல்லை. அதால 50 வயசுக்கு மேல எல்லாரும் நாளைக்கு 400 யூனிட் விட்டமின் டி எடுக்கச் சொல்லி கனடா சுகாதாரத்துறையே சொல்லுது. அம்மா அந்தச் சின்னக் குளிசையைத் தினம் எடுக்கிறா. 60,000 எண்டு ஒண்டை இங்க நான் கண்டதே இல்லை. ஊரில இருந்து வாற ஆக்கள் அதைக் கொண்டு வந்து "அன்ரி இதைக் குடியுங்கோ" எண்டு குடுப்பினம். தயவுசெய்து அப்படிக் குடுக்காதேங்கோ.

கடம்பவனம்

ஆளுக்கு ஆள் பயமுறுத்தறீங்க. மல்டிவைட்டமின் நல்லதுன்னு பாஸ்டன்ல பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கு. 60 வயசு தாண்டின எல்லாரும் தினம் ஒண்ணு போடலாம்ங்கறது என் கருத்து. எங்க அப்பா போடறார், நல்லா இருக்கார்.

அகத்தி (உணவியல்)

நீங்கள் சொல்வது காஸ்மாஸ் ஆய்வு. 21,442 பேர், ஆண்கள் 60, பெண்கள் 65 வயதுக்கு மேல். அதன் கிளை ஆய்வுகளில் மல்டிவைட்டமின் எடுத்தவர்களுக்கு நினைவாற்றல் சோதனையில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது உண்மை. அதை நான் மதிக்கிறேன். அதே சமயம், 2024-ல் அமெரிக்காவில் சுமார் 3,90,000 ஆரோக்கியமான மனிதர்களின் 20 வருடத்துக்கு மேற்பட்ட தரவைப் பார்த்தபோது, தினம் மல்டிவைட்டமின் போட்டவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. சாப்பாடு குறைந்துபோன, மெலிந்த பெரியவருக்குச் சாதாரண அளவுள்ள ஒன்றை டாக்டர் கொடுத்தால் நான் மறுக்கமாட்டேன்.

எல்லாருக்கும் என்பதில்தான் என் பயம். பீடி சிகரெட் பழக்கம் இருக்கிறவர்களுக்கு, சில மல்டிவைட்டமினில் விட்டமின் ஏ-வுக்காகச் சேர்க்கும் பீட்டா கரோட்டின் மாத்திரையாக ஆகாது. 1994-ல் வெளியான பின்லாந்து ஆய்வில், புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. கேரட் சாப்பிடலாம், மாத்திரைதான் கூடாது. கண் விழித்திரை நடுப்பகுதி தேய்கிறவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையிலும் இதனால்தான் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டின் சேர்த்தார்கள். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு மல்டிவைட்டமினில் உள்ள விட்டமின் கே அந்த மருந்தின் கணக்கையே மாற்றிவிடும்.

நொய்யல்கரை, உங்கள் பையில் இருக்கும் ஜிங்கோ பற்றியும் சொல்லிவிடுகிறேன். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் பரிசோதித்து 2008-ல் முடிவு வந்தது. அது மறதி நோயைத் தடுக்கவில்லை. அப்பா ஆஸ்பிரினும் எடுக்கிறார்; இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டாக்டரிடம் முதலில் இதைக் காட்டுங்கள். குளுக்கோசமைனுக்கும் பெரிய பலன் தெரியவில்லை.

எல்லாரும் விட்டமின் பேசும்போது விட்டுப்போவது புரதம். அப்பா ராத்திரி என்ன சாப்பிடுகிறார்?

நொய்யல்கரை

ரெண்டு இட்லி, கொஞ்சம் சட்னி. அதுக்கு மேல வேண்டாம்பார்.

அகத்தி (உணவியல்)

ரெண்டு இட்லியில் 4 கிராம் புரதம் தேறினால் அதிகம். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ மனிதருக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் இந்தக் கணக்கு மாறும், அதனால்தான் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் தொடைத் தசை கரைந்திருக்கிறது. எந்த மாத்திரையும் அதை மட்டும் வைத்துத் தசையைத் திருப்பித் தராது. புரதமும், தினம் பத்து முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் சேர்ந்துதான் தரும்.

பவுடர் டப்பாவுக்கு ஓடவேண்டாம். காலையில் பாசிப்பருப்பு அடை, பத்தரைக்கு மோர், மதியம் கெட்டிப் பருப்பு, நாலு மணிக்குக் குழைய வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், ராத்திரி இட்லியோடு தண்ணீராக இல்லாமல் பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பாரும் கொஞ்சம் பனீரும். பல் இல்லையென்றால் சுண்டலை மசித்துக் கொடுங்கள். எங்கள் ஆலோசனைக்கு வருகிற பாட்டிகளுக்கு நான் முதலில் எழுதிக் கொடுப்பது இதைத்தான். டப்பா வாங்கியே ஆகவேண்டுமென்றால் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

மலைக்கோட்டை

குறுக்கே ஒரு கேள்வி. அம்மாவுக்குத் தைராய்டு. மாத்திரை ஒழுங்கா போட்டும் ரத்தப் பரிசோதனையில டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டற ஹார்மோன்) இறங்கலை. அவங்களும் கால்சியம், இரும்பு போடறாங்க. சம்பந்தம் உண்டா?

பழைய மருந்தாளுநர்

நிச்சயம் உண்டு. எல்லாத்தையும் காலையில ஒண்ணா விழுங்கறாங்களா? கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையில இருக்கற தைராக்சினைக் குடலிலேயே பிடிச்சு வெச்சுக்கும். நாலு மணி நேரம் இடைவெளி வேணும். தைராய்டு மாத்திரை விடியக்காலை வெறும் வயித்துல. கால்சியம் மதியம் சாப்பாட்டோட. இரும்பு வேற நேரத்துல, டீ காபி இல்லாம. முடி கொட்டுதுன்னு பயோட்டின்கற விட்டமின் போட்டா, ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டரிடம் சொல்லிடணும். தைராய்டு பரிசோதனை முடிவையே அது தப்பாக் காட்டும்.

இரும்புன்னு வந்ததால இதையும் சொல்லணும். வயசான ஆணுக்கு இரும்புச்சத்து குறைஞ்சா, டானிக் வாங்கிக் கொடுத்துட்டு விடாதீங்க. ரத்தம் எங்க போகுதுன்னு தேடணும். என் சொந்த மைத்துனர், 68 வயசு. ஒரு வருஷம் இரும்பு டானிக் குடிச்சு, கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். கடைசியில பார்த்தா பெருங்குடல்ல கட்டி. அந்த ஒரு வருஷத்தை நினைச்சா இன்னும் ஆறலை. மருந்தகத்துல இருந்த நானே கவனிக்கலை.

நொய்யல்கரை

ரிசல்ட் வந்துடுச்சுங்க. பி12 138 பிகோகிராம். 200-க்குக் கீழ போனாலே குறைவாம். சிவப்பணு பெருத்து அதோட பருமன் 104, ஹீமோகுளோபின் 11.2. விட்டமின் டி 88. அச்சுல 30-ல இருந்து 100 வரைக்கும் சரின்னு போட்டிருந்துச்சு, ஆனா எட்டு மாசமா விடாம குடிச்சதைக் கேட்டதும் டாக்டர் பொட்டலத்தை நிறுத்திட்டார். கால்சியம் 10.3. கிரியாட்டினின் நல்லா இருக்கு.

பி12 ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள் ஏழு, அப்புறம் வாரம் ஒண்ணு, அப்புறம் மாசம் ஒண்ணு. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக் கொடுத்தா ரத்தம் தேறின மாதிரி தெரியும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுட்டே போகும், அதனால முதல்ல பி12னு சொன்னார். ஜிங்கோ, குளுக்கோசமைன், மீன் எண்ணெய் மூணும் நிறுத்தம். நரம்பு மாத்திரையை மூணு வாரத்துல படிப்படியா நிறுத்தச் சொல்லியிருக்கார். கேஸ் மாத்திரை ஆஸ்பிரின் போடறதால இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்னார்.

அண்ணனுக்கு போன் பண்ணி டப்பா வேண்டாம்னு சொன்னேன். "தூரத்துல இருந்து நான் வேற என்னதான் செய்யறது"ன்னான். எனக்கு அழுகை வந்துடுச்சு. ஊசிச் செலவும் ரத்தப் பரிசோதனையும் இனி உன் கணக்குன்னு சொல்லியிருக்கேன். சந்தோஷப்பட்டான்.

நொய்யல்கரை

மூணு மாசம் கழிச்சு எழுதறேன். ஹீமோகுளோபின் 12.9. எரிச்சல் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. விரல் நுனியில மட்டும் இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கு. முழுசா வருமான்னு டாக்டர் உறுதி சொல்லலை. பகல்ல தூங்கிவழியறது நின்னுடுச்சு. நாலு மணிச் சுண்டலுக்கு அவரே அடுக்களைக்கு வந்து நிக்கறார். நேத்து வாசப்படி இறங்கும்போது செருப்பு கழன்றுச்சு. நின்னு, திரும்பி, மாட்டிக்கிட்டுப் போனார்.

அம்மாவுக்கும் பார்த்தோம். சர்க்கரை கிடையாது, கேஸ் மாத்திரை கிடையாது. ஆனா அதே சைவச் சமையல், எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சின மோர்தான் அம்மாவுக்கு. பி12 176. ஒரு தடவைகூட எதையும் சொன்னதில்லை அவங்க. கேட்டப்பதான் "நாக்கு எரியும், காரம் தாங்காது, வயசாச்சுல்ல"ங்கறாங்க.

பழைய மருந்தாளுநர்

அம்மாவுக்கு ஊசியா மாத்திரையான்னு டாக்டரைக் கேளும்மா. 1000 மைக்ரோகிராம் மாத்திரையில நூத்துல ஒரு பங்கு நேரடியாவே உள்ளே போயிடும், பலருக்கு அதுவே போதும். தயிரை முதல்ல அவங்களுக்கு எடுத்து வெச்சுட்டு மத்தவங்களுக்குப் பரிமாறு. அப்பாவோட அடுத்த ஊசித் தேதியைத் தினசரிக் காலண்டர்ல அந்தந்தத் தாள்லயே எழுதி வை. கிழிக்கும்போது கண்ணுல படும்.